புகையானுக்கு இறக்கை முளைக்கும் முன்னே



மண்ணச்சநல்லூர் அரிசி என்றால் திருச்சிக் கடைத்தெருவில் தனி மதிப்பு உண்டு. அந்த அரிசி ஆலைகளுக்கு நெல் கொடுக்கிற வயல்களிலே, சம்பா கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற சமயத்தில் நம் வயிற்றில் புளியைக் கரைக்கிற பூச்சி ஒன்று இருக்கிறது. அதுதான் புகையான்.

போன வருஷம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். "முந்தாநாள் வரைக்கும் பயிரு பச்சைப்பசேல்னு நின்னுச்சு தம்பி. நாலே நாள்ல வட்டம் வட்டமா தீஞ்சு போச்சு. எந்தத் திசையிலேருந்து பறந்து வந்துச்சோ, தெரியலையே!"

நான் அவரிடம், "ஐயா, அது நாலு நாளைக்கு முன்னால் பறந்து வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னாலேயே உங்கள் வயலுக்கு வந்து, உங்கள் வயலிலேயே பிறந்து வளர்ந்தது. நீங்கள் பார்த்த பறக்கிற பூச்சி வரவு இல்லை, செலவு. சாப்பிட்டு முடித்துவிட்டு அடுத்த வயலுக்குக் கிளம்புகிற கூட்டம் அது" என்றேன். அவர் நம்பவில்லை. அவரை வயலுக்குள் அழைத்துப்போய் ஒரு குத்தின் அடியை விலக்கிக் காட்டினேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலே தவிட்டு நிறத்தில் குஞ்சுகள் அப்பிக் கிடந்தன. தண்ணீரின் மேலே வெள்ளை வெள்ளையாக, உமித்தூள் போல ஏதோ மிதந்தது. "இது என்ன தம்பி?" என்றார். "அதுதான் ஐயா, புகையான் கழற்றிப் போட்ட சட்டை" என்றேன்.

அந்தச் சட்டையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். சட்டையின் சங்கதி தெரிந்தால் இறக்கையின் சங்கதி தெரியும். இறக்கையின் சங்கதி தெரிந்தால், எப்போது மருந்து அடிக்க வேண்டும், எப்போது அடிப்பது வீண் காசு என்பது தெரிந்துவிடும்.

எலும்பு வெளியே இருக்கிற பிராணி

நமக்கும் நம் ஆடு மாடுகளுக்கும் எலும்பு உள்ளே இருக்கிறது, தோல் வெளியே இருக்கிறது. பூச்சிக்கு இது தலைகீழ். அதற்குத் தோலே எலும்பு. உடம்பைத் தாங்குவதும், ஈரம் காயாமல் காப்பதும், காலை அசைக்கப் பிடிமானம் தருவதும் அந்த மேல்தோல்தான்.

ஆனால் இதிலே ஒரு சங்கடம். கெட்டியான தோல் வளராது. பையன் வளர வளரப் பழைய சட்டை பிடிக்கிற மாதிரி, பூச்சி வளரும்போது தோல் இறுக்குகிறது. ஆகவே அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுச்சட்டை போட்டாக வேண்டும். நம் வரப்பு நண்டும் இப்படித்தான். ஓடு கழற்றிய நண்டைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மெத்து மெத்தென்று இருக்கும். வீட்டில் எப்போதாவது வெள்ளைக் கரப்பான் கண்ணில் படும். அது தனி ஜாதி இல்லை, அப்போதுதான் சட்டை உரித்த கரப்பான். சில மணி நேரத்தில் அதுவும் பழுப்பாகிவிடும்.

புகையான் முட்டையிலிருந்து வந்த நாள் முதல் பெரிய பூச்சி ஆகும்வரை ஐந்து முறை சட்டை உரிக்கிறது. முட்டை பொரிக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேலே. குஞ்சுப் பருவம் சுமார் இரண்டு வாரம். அதாவது இரண்டு, மூன்று நாளைக்கு ஒரு தடவை சட்டை மாற்றுகிறது. ஐந்தாவது முறை உரிக்கும்போதுதான் முழு இறக்கையோடு வெளியே வருகிறது.

மூன்று வேலைக்காரர்கள்

இந்தப் புதுச்சட்டையை யார் நெய்கிறார்கள்? அதற்கென்று பூச்சியின் உடம்பிலே வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். விஞ்ஞானிகள் இவர்களை என்சைம் என்கிறார்கள், தமிழில் நொதி. பெயர் புதிதாக இருக்கலாம், சரக்கு நமக்குப் பழக்கமானதுதான். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் மாவு லேசாக இனிக்கிறது, இல்லையா? முளைக்கும்போது உண்டாகிற ஒரு நொதி, மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரை ஆக்குவதால் வருகிற இனிப்பு அது. நொதி என்பது ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றிக் கொடுக்கிற வேலையாள். மாற்றிக் கொடுத்துவிட்டுத் தான் அப்படியே இருக்கும்.

புகையானின் சட்டை வேலையில் முக்கியமாக மூன்று வேலையாட்கள்.

முதல் ஆள் நெசவாளி. பூச்சியின் தோலுக்கு நூல் போல இருப்பது கைட்டின் என்கிற பொருள். சர்க்கரையைச் சேர்ந்த ஒரு பொருளை மணி கோப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் கைட்டின் நூல் வரும். நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருப்பது இதுவேதான். இந்த நூலைக் கோக்கிற நொதிக்குக் கைட்டின் சிந்தேஸ் என்று பெயர். உறையூர்த் தறியிலே பாவு ஓடுகிற மாதிரி, பழைய தோலுக்கு அடியிலேயே இது புதுத் தோலுக்கு நூல் ஓட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது ஆள் தையல் பிரிக்கிறவர். பழைய சட்டையை அப்படியே வைத்துக்கொண்டு புதுச்சட்டையைப் போட முடியாது. பழைய தோலின் உட்புறத்தைக் கரைத்து, நூலைத் துண்டு துண்டாக்கி, புதிய தோலுக்கே திரும்பப் பயன்படுகிற மாதிரி கொடுப்பது கைட்டினேஸ் என்கிற நொதி. மிஞ்சுவது மெல்லிய மேல்கூடு. அதுதான் நாம் தண்ணீரில் பார்த்த வெள்ளைச் சட்டை.

மூன்றாவது ஆள் கஞ்சி போடுகிறவர். நெய்த துணி துவண்டு கிடக்கும், கஞ்சி போட்டுக் காயவைத்தால்தான் விறைக்கும். பூச்சி வெளியே வந்ததும் புதுத்தோல் ஈரத்துணியாக, வெளுப்பாக இருக்கிறது. அதைக் கெட்டிப்படுத்திப் பழுப்பாக்குகிற நொதி லாக்கேஸ். காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு இது வேலை செய்கிறது. நம் வீட்டிலே வாழைக்காயை நறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போகிறதே, மோர்த் தண்ணீரில் போட்டால் கறுக்காமல் இருக்கிறதே! வாழைக்காயைக் கறுக்க வைக்கிற நொதியும் ஏறக்குறைய இதே தொழில் செய்கிற பங்காளிதான்.

இந்த மூன்றாவது ஆள் எவ்வளவு முக்கியம் என்பதை அரிசி ஆலைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு பூச்சியை வைத்தே கண்டுபிடித்தார்கள். கிடங்குகளில் மாவிலும் நொய்யிலும் வருகிற சிவப்பு மாவு வண்டு தெரியுமே, அதுதான். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து விஞ்ஞானிகள், முத்துக்கிருஷ்ணன் என்ற விஞ்ஞானியும் அவர்களில் ஒருவர், 2005-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அந்த வண்டில் லாக்கேஸ் நொதி உண்டாகாமல் தடுத்துப் பார்த்தபோது வண்டின் தோல் நிறமும் ஏறவில்லை, கெட்டியும் ஆகவில்லை. தடுப்பு பலமாக இருந்தபோது வண்டுகள் செத்தும் போயின.

இறக்கை என்பது இரண்டு தோல்

இப்போது இறக்கைக்கு வருவோம். பறவையின் இறக்கை வேறு, பூச்சியின் இறக்கை வேறு. பறவைக்கு உள்ளே எலும்பும் சதையும் இருக்கின்றன. பூச்சியின் இறக்கை என்பது இரண்டு மெல்லிய தோல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நடுவிலே நரம்பு போலக் குழாய்கள் ஓடும். ஆகவே உடம்பின் மற்ற இடத்தில் தோல் கொஞ்சம் சரியில்லாமல் போனாலும் பூச்சி சமாளித்துவிடலாம். இறக்கையிலே தோல் கெட்டால் இறக்கையே இல்லை.

புகையான் குஞ்சு மூன்றாம் பருவத்துக்கு வரும்போது முதுகின் இரு பக்கத்திலும் சின்னச் சின்ன மொட்டு தெரியும். அந்த மொட்டுக்குள்ளேதான் இறக்கை மடித்து மடித்து வைக்கப்படுகிறது. கடைசிச் சட்டையை உரித்தவுடன் பூச்சி தன் இரத்தத்தை இறக்கை நரம்புகளுக்குள் அழுத்துகிறது. சைக்கிள் டியூபில் காற்று ஏறுவது போல மடிப்பு பிரிந்து இறக்கை விரிகிறது. விரிந்த நிலையிலேயே அதைக் கெட்டிப்படுத்துவது கஞ்சிக்காரர் வேலை. விரியும் முன் இறுகினாலும் கெட்டது, விரிந்தபின் இறுகாமல் போனாலும் கெட்டது. கசங்கிய இறக்கை மறுபடி நேராகாது.

நெசவாளி நொதியை மட்டும் தடுத்தால் என்ன ஆகும் என்பதையும் புகையானிலேயே பார்த்திருக்கிறார்கள். சீன விஞ்ஞானிகள் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. கைட்டின் சிந்தேஸ் உண்டாகாமல் தடுத்த குஞ்சுகள் உருக்குலைந்து போயின, பெரும்பாலும் சட்டை உரிக்க முடியாமலேயே மடிந்தன.

குட்டை இறக்கையும் நெட்டை இறக்கையும்

புகையானில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளில் சிலதுக்கு நீண்ட இறக்கை வரும், சிலதுக்குக் குட்டை இறக்கை வரும். நெட்டை இறக்கை பறந்து போகும். குட்டை இறக்கை பறக்காது. ஆனால் குட்டை இறக்கைப் பெண்பூச்சி சீக்கிரமே முட்டையிட ஆரம்பித்து, அதிகமாகவும் இட்டுத் தள்ளும். இறக்கைக்குச் செலவழிக்காததை எல்லாம் முட்டைக்குச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இறக்கை வரும் என்பது குஞ்சாக இருக்கும்போதே முடிவாகிறது. பயிர் இளசாக, சாறு நிறைந்து, இடமும் தாராளமாக இருந்தால் குட்டை இறக்கை அதிகம். பயிர் முற்றிப் பழுத்து, கூட்டமும் நெருங்கினால் நெட்டை இறக்கை அதிகம். சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தார் 2015-இல் இதன் உள் இரகசியத்தைக் கண்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தெரிந்த இன்சுலின் இருக்கிறதே, அந்த வகைச் சேதியை வாங்குகிற இரண்டு வாசல்கள் புகையானுக்கு உண்டு. ஒரு வாசல் 'இறக்கை வளரட்டும்' என்கிறது, மற்ற வாசல் 'வேண்டாம்' என்று அடக்குகிறது. எந்த வாசலின் கை ஓங்குகிறதோ அதன்படி இறக்கை அமைகிறது. நெல் முற்றும்போது அதன் சாற்றில் சர்க்கரை கூடுவதும் நெட்டை இறக்கையை வளர்க்கிறது என்று 2018-இல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் முழுதாகக் கிடைத்துவிட்டது. எங்கிருந்தோ வந்த நாலு நெட்டை இறக்கைப் பூச்சிகள் இளம்பயிரில் இறங்குகின்றன. அவற்றின் பிள்ளைகளில் நிறையப் பேர் குட்டை இறக்கை. அவை பறக்காமல் குத்தின் அடியிலேயே இருந்து வம்சம் பெருக்குகின்றன. மேலிருந்து பார்க்கிற நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. பயிர் பழுத்துச் சாறு வற்றும்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு நெட்டை இறக்கை முளைக்கிறது, கூட்டமாகக் கிளம்புகிறது. நாம் அன்றைக்குத்தான் கண் விழிக்கிறோம்.

மருந்தும் அதன் எல்லையும்

சட்டை நெய்வதையே தடுக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. புப்ரோபெசின் என்று பெயர். ஜப்பானில் கண்டுபிடித்து 1980-களில் விற்பனைக்கு வந்தது. இது நரம்பைத் தாக்குகிற விஷம் இல்லை. குஞ்சின் உடம்பில் கைட்டின் படிவதைத் தடுக்கிறது. குஞ்சு அடுத்த சட்டை உரிக்கப் போகும்போது புதுத்தோல் பக்குவமாக இருக்காது. பழையதைக் கழற்றவும் முடியாமல், புதியதைப் போடவும் முடியாமல் பாதியிலேயே மாட்டிக்கொண்டு சாகும்.

இதிலே மூன்று சங்கதிகளை மனத்தில் வைக்க வேண்டும்.

ஒன்று, இது உடனே கொல்லாது. சட்டை உரிக்கிற நாள் வரும்போதுதான் பலன் தெரியும். மூன்று நாள், ஐந்து நாள் ஆகும். "நேத்து அடிச்சேன், இன்னிக்கும் உயிரோட தத்துது, மருந்து டூப்ளிகேட்" என்று மறுநாளே வேறு மருந்தை ஊற்றுகிறவர்கள் இரண்டு செலவு செய்கிறார்கள்.

இரண்டு, இறக்கை முளைத்து இறுகிவிட்ட பூச்சியை இது கொல்லாது. அதற்கு இனிச் சட்டை உரிக்கிற வேலையே இல்லை. அது இடுகிற முட்டை குறையும், பொரிப்பும் குறையும், அவ்வளவுதான். பயிர் தீய்ந்து பூச்சி பறக்க ஆரம்பித்த பிறகு இதை அடிப்பது, மகசூல் வீட்டுக்குப் போனபின் காவல் போடுவது போல.

மூன்று, சிலந்திகளையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் இது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. புகையான் விஷயத்தில் இதுதான் பெரிய லாபம்.

அளவு, 25 எஸ்.சி. மருந்தாக இருந்தால் எக்டேருக்கு 800 மில்லி, ஏக்கருக்கு 320 மில்லி. 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, நுனியில் அடிக்காமல் குத்தின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். வாங்கும்போது பாட்டிலின் லேபிளைப் படித்து, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்றும் பாருங்கள். டேங்கை வாய்க்காலில் கழுவாதீர்கள். நண்டுக்கும் இறாலுக்கும் ஓடு செய்ய அதே கைட்டின்தான் வேண்டும்.

ஒரே மருந்தை வருஷா வருஷம் அடிக்கவும் கூடாது. இமிடாகுளோபிரிட் என்ற மருந்து ஒரு காலத்தில் புகையானுக்கு நன்றாகக் கேட்டது. 2000-களின் நடுவிலே ஆசியாவில் பல இடங்களில் அதற்குப் புகையான் பழகிப்போய், மருந்து எடுபடாமல் போயிற்று. ரகத்துக்கும் அதே கதிதான். புகையானைத் தாங்கும் என்று 1973-இல் வந்த ஐ.ஆர். 26 ரகம் சில வருஷங்களிலேயே பல இடங்களில் தோற்றது.

விஷம் கூடினால் புகையான் கூடும்

1973-74-இல் கேரளத்துக் குட்டநாட்டில் புகையான் பெரும் சேதம் செய்தது. இந்தோனேஷியாவில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. கடைசியில் 1986-இல் அந்த நாட்டு அரசாங்கம் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடுத்தது. காரணம் இதுதான்: பெண் புகையான் முட்டையை இலை உறைக்குள்ளே கீறிச் செருகி வைக்கிறது. மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. ஆனால் குஞ்சைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் பூச்சியும் வெளியே நடமாடி முதலில் சாகின்றன. பத்து நாள் கழித்து முட்டை பொரித்து வருகிற குஞ்சுக்கு எதிரி யாருமே இல்லை. பைரித்ராய்டு வகை மருந்துகளால் இந்தத் தொல்லை அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்று நடவு நட்ட உடனே அடிக்கிற அந்த மருந்துதான், பின்னால் புகையானுக்கு வாசல் திறந்து விடுகிறது.

என்ன செய்ய வேண்டும்?

நடும்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். வெளிச்சமும் காற்றும் அடித்தண்டுக்குப் போகும், மருந்து அடிக்க உள்ளே நடக்கவும் வழி இருக்கும்.

யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். பிரித்துப் போடுங்கள். கருகருவென்று தழைத்த பயிரைக் கண்டால் குட்டை இறக்கைக்காரிக்குக் கொண்டாட்டம்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள். வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக எப்போதும் நிறுத்தி வைக்க வேண்டாம். புகையான் தெரிந்தால் முதல் வைத்தியம் தண்ணீரை வடிப்பது.

விளக்குப்பொறி வையுங்கள். விளக்குக்கு வருவது நெட்டை இறக்கை மட்டுமே. புதிதாக வந்து இறங்குகிறதா என்று அது சொல்லும். ஆனால் குட்டை இறக்கையும் குஞ்சும் விளக்குக்கு வராது. விளக்கில் இல்லை என்பதற்காக வயலில் இல்லை என்று நினைக்காதீர்கள்.

ஆகவே நட்டு ஒரு மாதம் ஆனபின், வாரம் ஒருநாள் வரப்பை விட்டு வயலுக்குள் இறங்குங்கள். குறுக்கே நடந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பத்து இருபது குத்துகளைச் சாய்த்து அடியைத் தட்டிப் பாருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். தூர் ஒன்றுக்கு எத்தனை பூச்சி? சிலந்தி இருக்கிறதா? இருப்பது குஞ்சா, இறக்கை வந்ததா?

சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து அடிக்க வேண்டிய நிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அதற்குள்ளே இருந்தால் காசைப் பையிலேயே வையுங்கள், சிலந்தி பார்த்துக்கொள்ளும். அளவு தாண்டி, பெரும்பாலும் குஞ்சாக, தண்ணீர்மேல் வெள்ளைச் சட்டையும் மிதந்தால் அதுதான் சட்டை மருந்துக்குச் சரியான நாள். நெசவு நடந்துகொண்டிருக்கிறது, தறியை நிறுத்தலாம். இறக்கை இறுகிய பூச்சியே அதிகம் என்றால், உங்கள் வேளாண்மை அலுவலரைக் கேட்டு வேறு மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தப் பெரியவர் இந்த வருஷம் பட்டம் விட்டு நட்டிருந்தார். மார்கழியில் ஒருநாள் வழியில் பார்த்தபோது, "தம்பி, நேத்து இருபது குத்து பார்த்தேன். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கு. குஞ்சு தூருக்கு ஒண்ணு கூட இல்லே. அடிக்கலாமா வேணாமா?" என்று கேட்டார். "வேண்டாம் ஐயா, அடுத்த வாரம் மறுபடி பாருங்கள்" என்றேன். "அதைத்தான் நானும் நெனைச்சேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நீங்களும் இந்த வாரமே ஒருநாள் காலையில் குத்தை விலக்கிப் பாருங்கள். புகையானுக்கு இறக்கை முளைக்கும் முன்னே நாம் முழித்துக்கொண்டால் போதும், பயிர் பிழைக்கும்.